தலையில் பசை, மடியில் பீஸ் கட்டை

உங்கள் தலைக்குள்ளும் கரண்ட் ஓடுகிறது, அதைத் திரையில் காட்டியே கவனத்தைப் பழக்கப் பார்க்கலாம் என்று வேலூர் டாக்டர் சொன்னபோது, "எத்தன வோல்ட்டு சார்?" என்று கேட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவியும் சிரிக்கவில்லை. பார்க்கப்போனால் நானே சிரிக்கவில்லை. அந்த நாட்களில் என் வாய் மட்டும்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் லீவு.

எங்கள் வீடு ஜமுனாமரத்தூரில். தொழில், கிணற்று மோட்டார் ரிப்பேர். மலை மேலேயும், கீழே படவேடு பக்கத்துக் கரும்பு, வாழைத் தோட்டங்களிலும் மோட்டார் நின்றால் நானும் மச்சானும் ஒரே வண்டியில் போவோம். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. கிணற்றில் இறங்குவது அவன், மேலே நிற்பது நான். அவனுக்குக் கை பேசும், எனக்கு வாய் பேசும் என்பதால் ஆண்டவன் பார்த்துச் செய்த பங்கீடு.

இறங்குவதற்கு முன்னால், மோட்டார் கொட்டகைப் பலகையிலிருந்து மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கிவிட வேண்டும். வெள்ளைப் பீங்கானில் செய்த, உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான். அது வெளியே இருக்கும்வரை கம்பி செத்த கம்பி. பிடுங்கியதை மேலே நிற்பவன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான், வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்பதற்காக. கீழே இருப்பவனுடைய உயிர் மேலே இருப்பவன் பையில் என்றெல்லாம் எங்கள் தொழிலில் யாரும் பேசுவதில்லை. பை தொங்கும், சீக்கிரம் கிழியும், அவ்வளவுதான்.

போன கோடையில் படவேடு பக்கம் ஒரு வாழைத்தோட்டம். மச்சான் கிணற்றுக்குள் கேபிளை வெட்டி ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். நான் கொட்டகையில் தோட்டக்காரருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். கல்யாணமான புதிதில், மாமனார் வீட்டில் கெத்துக் காட்டுவதற்காகப் பீஸ் போடப் போய், தெருவையே இருட்டாக்கிய கதை. என்னுடைய கதைகளில் ஓடுகிற கதை அதுதான். அதில் நான் பீஸ் கட்டையை எடுத்து ஸ்டைலாக மாட்டுகிற இடம் ஒன்று வரும். நான் வெறும் வாயால் சொல்கிறவன் இல்லை, நடித்துக் காட்டுகிறவன். பையிலிருந்து எடுத்தேன். மாட்டியும் காட்டினேன், மூன்றையும், நிஜப் பலகையில். கரண்ட் வந்ததும் மோட்டாரைத் தானாகவே ஓட்டிவிடும்படி ஸ்டார்ட்டர் ஆட்டோவில் கிடந்தது. டக் என்று விழுந்தது. கிணற்றுக்குள் படபடவென்று பொறி பறந்தது.

மச்சான் அப்போது கீழே இல்லை. டேப் தீர்ந்துபோய், எடுப்பதற்காக மேலே வந்திருந்தான். ஒரு கால் கரையில், ஒரு கால் இன்னும் படியில். குனிந்து பொறியைப் பார்த்தான், நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"மாமா, அந்த ஜோக்கு முடிஞ்சிச்சா?" என்றான். மெதுவாகத்தான் கேட்டான்.

அன்றைக்கு நான் நடுங்கியிருக்க வேண்டும். அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதிருந்தாலும் தப்பில்லை. ஒன்றும் வரவில்லை. திரும்பி வரும் வழியில் பசித்தது. வண்டியை நிறுத்தி புரோட்டா தின்றேன், சால்னா இரண்டாம் தடவை வாங்கினேன். மச்சான் டீகூடக் குடிக்காமல் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றான். ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டு எழுந்தால் கால் நம்முடையதாகவே தெரியாதே, அது மாதிரி நெஞ்சுக்குள். கிள்ளினால் பக்கத்து வீட்டுக்காரனைக் கிள்ளுகிற மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் அவன் என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை. சண்டை ஏதும் இல்லை. வீட்டுக்கு வந்தான், அக்கா கையால் சாப்பிட்டான், என் ஜோக்குக்குத் தலையாட்டினான். வேலைக்கு மட்டும் தனியாகப் போனான். பீஸ் கட்டைகளைத் தன் லுங்கி மடியில் சுருட்டிக் கட்டிக்கொண்டு, மேலே ஆள் இல்லாமல், கிணற்றில் இறங்கினான்.

"இன்னாங்க, அவன் ஒண்டியா கெணத்துல எறங்கறான்," என்றாள் மனைவி. "வழுக்கி வுழுந்தா ஓடிப்போய் சொல்றதுக்குக்கூட ஆளு கெடையாது."

"வேற ஆளு வெச்சிக்கச் சொல்லு."

"சொல்லாம இருப்பனா? மாமா சரியாவட்டும், அதுவரைக்கும் பாத்துக்கறேன்றான். நீங்க எப்ப சரியாவப் போறீங்க?"

கேள்வி நியாயமானது. மோட்டாராக இருந்தால் காயில் போச்சா, பேரிங் போச்சா என்று பிரித்துப் பார்த்துச் சொல்லிவிடுவேன். என்னை எந்தப் பக்கம் பிரிப்பது என்று தெரியவில்லை. அவளே விசாரித்து வேலூருக்கு அழைத்துப் போனாள்.

சின்ன வயதிலிருந்தே இப்படியா என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். பதில் சொன்னது அவள். பள்ளிக்கூடக் கதைகளை எங்கள் அம்மாவிடம் கேட்டு வைத்திருந்தாள். தன் பங்குக்கு, போளூர் பெட்ரோல் பங்கில் அவளை இறக்கிவிட்டதை மறந்துவிட்டு, பின்சீட்டில் இருக்கிறாள் என்ற நினைப்பில் அவளோடு பேசிக்கொண்டே பாதி மலை ஏறியதைச் சொன்னாள். "அன்னிக்கு ஒரு தடவகூட எதுத்துப் பேசலியேன்னு சந்தோஷமா வந்தேன் சார்," என்றேன். டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

இதற்குப் பெயர் கவனக்குறைபாடு, பெரியவர்களுக்கும் உண்டு, திமிரோ சோம்பலோ இல்லை என்றார். மாத்திரை எழுதினார். இந்தத் திரைப் பயிற்சியைப் பற்றி அவர் சொன்னதில் ஆளை இழுக்கிற மாதிரி ஒன்றுமே இல்லை. சிலருக்குப் பலன் தெரிகிறது, சிலருக்குத் தெரிவதில்லை. எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. வாரத்துக்கு இரண்டு தடவை, பல மாதம் வர வேண்டியிருக்கும். மாத்திரையை நிறுத்திவிட்டு இதை மட்டும் செய்யலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு பொருளை இவ்வளவு மோசமாக விற்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை. அதனாலேயே நம்பினேன்.

"ஷாக் அடிக்காதுங்களா சார்?" என்று மனைவி கேட்டாள்.

"உள்ள எதுவும் அனுப்பறதில்லைம்மா. தலையிலேர்ந்து வர்றத அளந்து பாக்கறது மட்டும்தான்."

"பாத்தியா, மீட்டர் ரீடிங்கு," என்றேன் நான்.

முதல் பயிற்சிக்கு நான் போய்ச் சேரவே இல்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எதையோ யோசித்துக்கொண்டே, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன். பஸ் நின்று எல்லாரும் இறங்கிய பிறகு கண்டக்டர் வந்து தோளைத் தட்டினார். கவனம் இல்லை என்று வைத்தியத்துக்குப் போனவன், கவனம் இல்லாமல் வைத்தியத்தைக் கோட்டை விட்டேன். அடுத்த தடவை மனைவி கூட வந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று தலை நிறைய நல்லெண்ணெய் வைத்துப் படிய வாரியும் விட்டிருந்தாள். பயிற்சி கொடுக்கும் பெண் என் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டார். எண்ணெயில் எதுவும் ஒட்டாதாம். அங்கேயே வாஷ்பேசினில் தலையைக் கவிழ்த்து, என் மனைவி ஷாம்பு போட்டுக் கழுவினாள். வரிசையில் உட்கார்ந்திருந்த குழந்தைகள் எல்லாம் வேடிக்கை பார்த்தன. அங்கே வருகிறவர்களில் முக்கால்வாசி குழந்தைகள்தான். மீசை வைத்த குழந்தை நான் ஒருவன்.

பயிற்சி என்பது இதுதான். சாய்வு நாற்காலியில் உட்கார வைப்பார்கள். உச்சந்தலையில் முடியை விலக்கி, மணல் கலந்த மாதிரி நெறுநெறுவென்று இருக்கும் எதையோ போட்டுத் தேய்ப்பார்கள். பிறகு சில்லென்று ஒரு பசை வைத்து அதில் வயரை ஒட்டுவார்கள். காதுகளில் துணி கிளிப் மாதிரி ஒவ்வொன்று. எதிரே டிவி. பிடித்த படத்தைப் போடச் சொல்லலாம். கவனம் நிற்கும்வரை படம் பளிச்சென்று ஓடும். கவனம் நழுவினால் திரை இருட்டும், சத்தமும் குறையும். திரும்ப வந்தால் திரும்ப வெளிச்சம். நாம் ஒன்றும் அழுத்த வேண்டாம், திருக வேண்டாம். வலி கிடையாது. ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும். எனக்கு ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது என்பதால் வித்தியாசம் தெரியவில்லை.

முதல் நாள் திரையில் என் தலையிலிருந்து வந்த கோடு, கோடாகவே இல்லை. முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றது. பார்த்தவுடனே எனக்குப் புரிந்துபோனது. இருபது வருஷத் தொழில் அல்லவா.

"மேடம், உங்க பிளக்குல எர்த்து சரியில்ல."

"எர்த் நல்லாதான் சார் இருக்கு."

"எல்லாரும் அப்படித்தான் நெனப்பாங்க. எர்த்து இல்லன்னா இப்படித்தான் இரைச்சல் வரும். நான் பாக்கட்டுமா?"

பொறுமைசாலி. பாருங்கள் என்றார். காதில் கிளிப்பும் தலையில் பசையுமாக நாற்காலியை விட்டு எழுந்து, எப்போதும் சட்டைப் பையில் இருக்கும் டெஸ்டரை எடுத்து, சுவரோரம் மண்டியிட்டு ஒவ்வொரு பிளக்காகப் பார்த்தேன். அது சரியாக இருந்தது. அடுத்ததும் சரி. டெஸ்டரைச் சந்தேகப்பட்டு டெஸ்டரையும் சோதித்தேன். அவர் பின்னாலிருந்து, "சார், வாய லேசாத் தொறங்க," என்றார்.

"எதுக்கு?"

"சும்மாத் தொறங்க. பல்லு பல்லுமேல படக் கூடாது."

திறந்தேன். "இப்ப திரும்பித் திரையப் பாருங்க," என்றார். முள்ளம்பன்றி படுத்துவிட்டிருந்தது. மெல்லிய அலையாக ஒரு கோடு போய்க்கொண்டிருந்தது. வாயை மூடினேன், பன்றி எழுந்தது. திறந்தேன், படுத்தது. தாடைச் சதை இறுகினால் அந்தக் கரண்ட்தான் முதலில் வந்து நிற்குமாம், மூளையுடையது அதற்குக் கீழே அமுங்கிப்போகுமாம்.

"எப்பவும் இப்படித்தான் பல்லக் கடிச்சிக்கினு இருப்பீங்களா?"

"தெர்லியே மேடம். நான் பேசிக்கினேதான் இருப்பேன்."

"பேசாதப்போ?"

மனைவி வாசலிலிருந்து சொன்னாள், "அந்தப் படவேட்டு வேலைக்கு அப்புறம் தூக்கத்துல நறநறன்னு கடிக்கறாரும்மா. எலி பூந்துடுச்சின்னு நெனச்சி ரெண்டு தடவ எழுந்து வெளக்கு போட்டுப் பாத்தேன்."

சுவர் முழுக்க எர்த்தைத் தேடியிருக்கிறேன், ஓட்டை என் வாயில். டெஸ்டரைப் பைக்குள் வைத்துக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து அறையில் ஒரு குழந்தை சிரித்தது. என்னைப் பார்த்துத்தான் என்று வைத்துக்கொண்டேன்.

பல வாரம் இப்படிப் போனது. நான் கேட்டது ஒரு பழைய காமெடிப் படம், வசனம் முழுக்க மனப்பாடம். அதுவே தப்பாகிவிட்டது. வரப்போகிற ஜோக் தெரியும் என்பதால் மனசு முன்னாலேயே கிளம்பிவிடும், ஜோக் வருகிற நேரத்துக்குத் திரை இருட்டிவிடும். சரி, விடக்கூடாது என்று முறைத்துப் பார்த்தால் இன்னும் இருட்டும். முயற்சி பண்ணாதீங்க சார், சும்மா பாருங்க என்பார் மேடம். சும்மா இருப்பதற்கு எப்படி முயற்சி செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் அலுத்துப்போய், எப்படியோ போகட்டும் என்று விட்டேன். திரை வெளிச்சமாகவே இருந்தது. அட என்று நினைத்தேன், இருட்டிவிட்டது.

சிரித்தால் கோடு கெடும், அதனால் சிரிப்பை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள் என்றும் சொல்லியிருந்தார். அது எனக்குக் கஷ்டமாக இல்லை. படத்தைப் பார்த்து அவர்தான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு தடவை பசையைத் துடைத்துக்கொண்டே, "உங்களுக்கு இதெல்லாம் சிரிப்பா வரலியா சார்?" என்று கேட்டார்.

"காமெடின்னு தெரியுது மேடம்."

படவேட்டுச் சமாச்சாரத்தைச் சொன்னேன். புரோட்டாவையும் சேர்த்துத்தான். அவர் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். இந்த வயர் அதைச் சரிபண்ணாது, டாக்டரிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். டாக்டர் அதற்கு வேறு நேரம் ஒதுக்கிப் பேச ஆரம்பித்தார். அது வேறு கதை, அதில் டிவி கிடையாது.

பயிற்சி முடிந்த அன்றைக்கு உடம்பு ஓய்ந்துபோகும், லேசாகத் தலை வலிக்கும். பஸ்ஸில் ஏறினால் தூக்கம். தலையில் காய்ந்த பசையைப் பார்த்து, "இன்னாபா, காக்கா எச்சம் போட்ச்சா?" என்று கண்டக்டர் கேட்பார். "மலைக் காக்கா, குறி தப்பாது," என்பேன்.

மழைக்காலம் வந்தபோதும் என்னிடம் சொல்லிக்கொள்கிற மாதிரி மாற்றம் இல்லை. பொங்குகிற பால் பொங்கிக்கொண்டுதான் இருந்தது. வண்டிச் சாவி பிரிட்ஜுக்குள் கிடந்தது. சந்தை நாளில் வெங்காயம் வாங்கப் போய் வாளி வாங்கி வந்தேன். ஒன்றே ஒன்றுதான் புதிது. வாளிக்காரரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே, திரை இருட்டுகிறது என்று எனக்குத் தெரிந்தது. முன்பெல்லாம் வீட்டுக்கு வந்து மனைவி கேட்ட பிறகுதான் தெரியும். வாளியை வாங்கிவிட்டேன்தான், ஆனால் தெரிந்தே வாங்கினேன். மாத்திரையாலா, வயராலா, டாக்டரின் பேச்சாலா என்றால் சொல்லத் தெரியாது. மேடத்திடம் சொன்னபோது, "நல்லதுதான் சார்," என்றார். அவரும் கைதட்டவில்லை.

அந்த வாரத்தில் ஒரு காலை மச்சான் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். இறங்கவில்லை.

"மாமா, மேல ஒரு கெணறு. படியெல்லாம் பாசி. வர்றியா?"

மனைவி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் சட்டையை மாட்டினேன்.

சாமை அறுத்த நிலத்துக்கு நடுவே கிணறு. கொட்டகைக்குள் மச்சான் பீஸ் கட்டைகளைப் பிடுங்கினான். மூன்றையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு என் பக்கம் நீட்டினான். இந்த ஒன்றுக்காகத்தான் இத்தனை மாதம் தலையில் பசை பூசிக்கொண்டேன். அவன் அக்கா சொல்லி நீட்டினானா, அவனாக நீட்டினானா, தெரியாது.

பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதைக் கவனித்து, வாயைத் திறந்தேன்.

"வேணாம் மச்சான். உன் மடியிலயே இருக்கட்டும்."

அவன் முகம் சுருங்கியது. "இன்னா மாமா, கோவமா?"

"கோவம் இல்லடா. நான் இன்னும் வாளி வாங்கற ஆளுதான். இன்னிக்கி மட்டுமில்ல, எப்பவும் எறங்கறவன் மடியிலயே இருக்கட்டும். எனக்கு அந்தக் கயித்தக் குடு."

கயிற்றின் ஒரு முனையை அவன் இடுப்பில் கட்டினேன். இன்னொரு முனையைக் கொட்டகைத் தூணில் சுற்றி முடிந்து, நடுவில் ஒரு சுற்றை என் மணிக்கட்டில் போட்டுக்கொண்டேன். "அப்பப்போ இழு. நானும் இழுப்பேன். நான் இழுக்கலன்னா, வேலைய அப்படியே வுட்டுட்டு ஒரு கத்து கத்து."

"இது இன்னா, வேலூர் வைத்தியமா?"

"அங்க டிவி. இங்க நீ."

மூன்று கட்டைகளையும் மடியில் முடிந்துகொண்டு இறங்கினான். நான் கரையில் உட்கார்ந்தேன். நிலத்துக்காரர் வந்து பக்கத்தில் குந்தினார். "மாமனார் வூட்ல பீஸ் போட்ட கதைய நீ சொன்னா செமயா இருக்குமாமே, சொல்லேம்பா," என்றார். அது எங்கள் பக்கம் முழுக்கப் பரவியிருந்தது. அதற்கப்புறம் நடந்ததுதான் பரவவில்லை. மச்சான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அப்புறம் சொல்றங்க. கை வேலையா இருக்குது." கையில் ஒரு வேலையும் இல்லை, கயிறுதான் இருந்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

கயிறு இழுபட்டது. இழுத்தேன். மறுபடி இழுபட்டது. இழுத்தேன். ஒரு தடவை, தூரத்தில் சாமைத் தாளில் இறங்கிய கொக்கைப் பார்த்துக்கொண்டு நான் கிளம்பிவிட்டேன். இருட்டுகிறது என்று தெரிவதற்குள் மணிக்கட்டில் இரண்டு இழுப்பு. அவசரமாக இழுத்தேன்.

"மாமா, இருக்கியா?" கிணற்றுக்குள்ளிருந்து குரல் சுற்றிச் சுற்றி வந்தது.

"வந்துட்டேன், வந்துட்டேன்."

கொஞ்ச நேரம் கீழே ஸ்பேனர் சத்தம் மட்டும். பிறகு அவனே, "இன்னா மாமா, சத்தமே காணோம்? அந்தக் கதைய எனக்குச் சொல்லேன். அன்னிக்கு முடிவக் கேக்கல," என்றான்.

ஆரம்பித்தேன். மாமனார் வீடு, புது வேட்டி, ராத்திரி கரண்ட் போனது எல்லாம் வரிசையாக வந்தது. நடுநடுவே கயிறு இழுபட்டது. இழுத்தேன், சொன்னேன், இழுத்தேன். பீஸ் கட்டையைக் கையில் எடுக்கிற இடம் வந்ததும் கதை நின்றுவிட்டது. அடுத்து யார் என்ன சொன்னார்கள் என்பது, எத்தனையோ தடவை சொன்னது, சுத்தமாக வரவில்லை.

"முடிவு மறந்துபோச்சி மச்சான்."

"வுடு மாமா. கயித்த வுட்டுடாத."

"வுடல," என்றேன். சுற்று இறுகி மணிக்கட்டு வலித்தது. வலிக்கிறது என்பதை முதலில் யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தேன். பிறகு சுற்றைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, அவன் இழுப்பதற்கு முன்னால் நானே ஒரு தடவை இழுத்தேன்.